டைட்டானியம் தோற்ற இடம்

திருவனந்தபுரத்தின் கொச்சுவேளியில், 1946இல் நிறுவப்பட்ட டைட்டானியம் ஆலை, கடற்கரையின் கரிய மணலில் கிடைக்கும் இல்மனைட்டிலிருந்து வெள்ளை நிறமியான டைட்டானியம் டைஆக்சைடைப் பிரித்தெடுக்கிறது. பல்வேராகவும் எலும்புத் தாங்கியாகவும் உடலுக்குள் பதிக்கப்படும் டைட்டானியத்தைக் காப்பதும் பெரும்பாலும் அதே ஆக்சைடுதான். காற்றுப் பட்டவுடன் சில நானோமீட்டர் தடிப்பில் தானே படரும் அப்படலம், உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கிறது.

1950களில் சுவீடனின் பிரோனமார்க், முயலின் எலும்பில் பதித்த டைட்டானியம் பிரிக்க இயலாதபடி எலும்போடு ஒன்றிவிட்டதைக் கண்டார். பின்வந்தோர் மணல்வீச்சாலும் அமிலத்தாலும் அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, எலும்பு இன்னும் நன்றாகப் பற்றுமாறு செய்தனர்.

எலும்பில் பதிந்தது அசையாது. இதய வால்வோ ஓய்வதில்லை: அதன் வட்டு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை திறந்து மூடுகிறது. இவ்வேறுபாட்டை இந்நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் தோல்விகளின் வழியே கற்றது.

ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதுற்ற ஏழை இளையோருக்கு இறக்குமதி வால்வு எட்டாத விலையில் இருந்தது. அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான், பொறியாளர் ஜி. எஸ். புவனேஸ்வர் ஆகியோரின் குழு உள்நாட்டு வால்வை உருவாக்க முனைந்தது. முதல் மாதிரியின் டைட்டானியத் தாங்கி, பற்றவைத்த இடத்தில் முறிந்தது. இரண்டாவதில் சஃபையர் படிக வட்டு உரசி டைட்டானியம் தேய்ந்தது. உரசுமிடத்தில் காப்புப் படலம் அறும், மீண்டும் படரும், மீண்டும் அறும். நைட்ரைடு பூச்சு கடினத்தைக் கூட்டும். ஆனால் பூச்சு தேய்ந்தால் அடியில் இருப்பது அதே மென்மையான உலோகம்.

மூன்றாம் மாதிரியில் உலோகமே மாறியது: கோபால்ட்டை அடிப்படையாகக் கொண்ட ஹேன்ஸ்-25. இம்முறை சோதனைக்குள்ளான ஆட்டின் உடலில் படிக வட்டு உடைந்தது. நான்காவதில் வட்டு பாலிஎத்திலீனாயிற்று. 1990 டிசம்பர் 6 அன்று அவ்வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் ஆயிரக்கணக்கானோரின் இதயத்தில் இயங்கியது.

மொழியியல் படித்தவன் என்பதால் ஒரு சொல்லில் தயங்கி நிற்கிறேன். 'உயிரிணக்கம்' என்பது பொருளின் நிலையான குணம்போல் ஒலிக்கிறது. ஆனால் எலும்புக்கு இணங்கிய டைட்டானியம் வால்வின் உரசலுக்கு ஈடுகொடுக்கவில்லை. எந்த இடத்தில், எந்த வேலைக்கு என்று கேளாமல் அச்சொல்லுக்கு முழுப்பொருள் இல்லை. அக்கேள்விக்குத் திருவனந்தபுரம் விடை கண்டது மூன்று தோல்விகளுக்குப் பின்னர்தான்.