பித்தளையை உடைத்த மழைக்காலம்

இன்னைக்கு ஒரு சின்ன பித்தளைக் கூட்டோட வரலாறு.

துப்பாக்கித் தோட்டாவுல முன்னாடி இருக்கிறது குண்டு. அதைப் பிடிச்சுக்கிட்டு, வெடிமருந்தை உள்ளே அடைச்சு வெச்சிருக்கிறது பித்தளைக் கூடு. சுட்டதும் குண்டு பறந்துடும், கூடு மிச்சம். அந்தக் காலிக் கூட்டைச் சுத்தம் பண்ணி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது மருந்தும் குண்டும் வெச்சு மறுபடி சுடுறது அமெரிக்காவுல பலருக்குப் பொழுதுபோக்கு. நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்க முடியாது. ஆனா அந்தப் பொழுதுபோக்குக்காரங்க சொல்ற ஒரு எச்சரிக்கைக்கு இந்தியாவோட தொடர்பு இருக்கு: அம்மோனியா கலந்த பாலிஷைக் கூட்டுல தடவாதே.

பிரிட்டிஷ் ராணுவம் இங்கே இருந்த காலம். மழைக்காலத்துல படை நடவடிக்கைகளை நிறுத்திட்டு, தோட்டாக்களைக் குதிரை லாயங்கள்ல வெச்சிருந்தாங்க. மழை முடிஞ்சு எடுத்துப் பார்த்தா, பல கூடுகள்ல விரிசல். யாரும் சுடல, அடிக்கல. சும்மா இருந்த பித்தளை தானா வெடிச்சிருக்கு.

இது சாதாரண விஷயம் இல்ல. சுடும்போது கூடு லேசா விரிஞ்சு, துப்பாக்கி அறையோட சுவர்ல ஒட்டிக்கும். அதனாலதான் சூடான வாயு பின்னாடி வராது. கூடு விரிசல் விட்டிருந்தா, அந்த வாயு சுடுறவனோட முகத்துப் பக்கமே திரும்பலாம்.

'சீசன் கிராக்கிங்'னு இதுக்குப் பேர் வந்தது. காரணத்தைத் தெளிவா விளக்கினது 1921-ல, இங்கிலாந்தின் வூலிச் ஆயுத ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூணு பேர். குதிரை மூத்திரத்துல இருந்து வர்ற அம்மோனியா, மழைக்கால ஈரம், அப்புறம் கூட்டுக்குள்ளேயே இருந்த இழுவிசை. 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் கலந்த தகட்டைச் சூடு பண்ணாமலே இழுத்து இழுத்துத்தான் கூடு செய்றாங்க. அந்த இழுப்போட அழுத்தம் உலோகத்துக்குள்ள தங்கிடுது. மூணும் ஒண்ணா சேர்ந்தாதான் விரிசல். டெஸ்டிங்ல பாஸ் ஆகி, புரொடக்‌ஷன்ல மட்டும் தலைகாட்டுற பக் மாதிரி!

தீர்வு என்ன தெரியுமா? குதிரையையோ மழையையோ மாத்த வேண்டாம். செஞ்சு முடிச்ச கூட்டை மிதமா சூடாக்கினா போதும். உள் அழுத்தம் தளர்ந்துடும், கடினம் பெருசா குறையாது. தப்பு லாயத்துல மட்டும் இல்ல, ஃபேக்டரியில இருந்தே கூட வந்திருக்கு.

இப்போ பாலிஷுக்கு வருவோம். அம்மோனியா செம்பைக் கரைக்கும். அதனாலதான் சில பித்தளை பாலிஷ்கள்ல அதைச் சேர்க்கிறாங்க. பளபளன்னு ஆக்குற அதே பொருள்தான், அழுத்தத்துல இருக்கிற கூட்டை உடைக்கவும் செய்யுது. எங்க சுந்தரபாண்டியம் பக்கம் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பாங்க. புளியில இருக்கிற டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கும். அம்மோனியா அதுல இல்ல. தோட்டாக் கூட்டுக்கும் இதே வழிதான்: சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணி, இல்லன்னா சுழலும் டப்பாவுல பொடிச்ச வால்நட் ஓடு. நோக்கம் மினுமினுப்பு இல்ல. மண்ணும் கரியும் போகணும், விரிசல் இருந்தா கண்ணுக்குத் தெரியணும்.

உங்க வீட்டுலயும் பாட்டி காலத்துப் பித்தளைச் சாமான் இருந்தா, பாலிஷ் வாங்குறதுக்கு முன்னாடி லேபிளை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!