வகுப்பிலிருந்து பிள்ளையை வெளியேற்றினால்: பெற்றோர் தெரிந்திருக்க வேண்டிய விதிகள்

தவறு செய்யும் மாணவரைத் தண்டிக்க மலேசியப் பள்ளிகளுக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தின் எல்லையும் விதிகளில் எழுதப்பட்டுள்ளது. பல பெற்றோருக்கு இந்த இரண்டாவது விஷயம் தெரிவதில்லை. "நாளையிலிருந்து பள்ளிக்கு வர வேண்டாம்" என்று பிள்ளையிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினாலே, அதுதான் முடிவு என்று எண்ணிவிடுகிறார்கள்.

விதிகள் சொல்வது என்ன?

பள்ளிக் கட்டொழுங்கு தொடர்பில் 1959-ஆம் ஆண்டு விதிமுறைகளே இன்றும் அடிப்படை. பிரம்படி, தற்காலிக நீக்கம், பள்ளியிலிருந்து விலக்குதல் ஆகிய மூன்றுக்கும் அவை நிபந்தனை விதிக்கின்றன.

பிரம்படி: ஆண் மாணவர்களுக்கு மட்டுமே. மெல்லிய பிரம்பால் உள்ளங்கையிலோ, உடைக்கு மேல் பின்புறத்திலோ மட்டும் அடிக்கலாம். தலைமையாசிரியர் அல்லது அவர் அதிகாரம் வழங்கிய ஆசிரியரைத் தவிர வேறு எவரும் அடிக்கக் கூடாது. மாணவிகளைப் பிரம்பால் அடிக்க அனுமதி இல்லை. கன்னத்தில் அறைவதற்கும் காதைத் திருகுவதற்கும் இந்த விதிகளில் இடமில்லை.

தற்காலிக நீக்கம்: இதைத் தீர்மானிப்பவர் தலைமையாசிரியர் அல்லது பள்ளி முதல்வர். வகுப்பாசிரியருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அதிகபட்சம் 14 நாள்கள். பெற்றோருக்கும் கல்வி இலாகாவுக்கும் தெரிவிக்க வேண்டும்.

பள்ளியிலிருந்து விலக்குதல்: இதுவே ஆகக் கடுமையான தண்டனை. இதை எதிர்த்துக் கல்வி இலாகாவின் பதிவதிகாரியிடம் பெற்றோர் மேல்முறையீடு செய்யலாம்.

வகுப்புக்கு வெளியே நிறுத்தினால்?

பாடம் நடத்த விடாமல் இடையூறு செய்யும் மாணவரைச் சிறிது நேரம் அப்புறப்படுத்த வேண்டிய நிலை ஆசிரியருக்கு வரலாம். மற்ற மாணவர்களுக்கும் படிக்கும் உரிமை இருக்கிறது. ஆனால் அந்த மாணவர் கட்டொழுங்கு ஆசிரியரிடமோ ஆலோசக ஆசிரியரிடமோ போய்ச் சேர வேண்டும். யார் கண்காணிப்பும் இல்லாமல் வராந்தாவிலோ வெயிலிலோ நிற்க விடுவது, பள்ளி தன் பாதுகாப்புப் பொறுப்பைக் கைவிடுவதாகும். இது ஒரு நாள் நடந்தால் ஆசிரியரிடம் பேசித் தீர்க்கலாம். வாரக்கணக்கில் தொடர்ந்தால், விசாரணையே இல்லாமல் பிள்ளை பாடத்தை இழக்கிறது. அப்போது தலைமையாசிரியரிடம் எழுத்து வழி கேட்பதே முறை.

மலேசியா 1995-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறார் உரிமை உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவும், பள்ளிக் கட்டொழுங்கு பிள்ளையின் மானத்தைக் காக்கும் வகையில் இருக்க வேண்டும் என்கிறது.

கடிதம் இல்லாத தண்டனையே ஆபத்தானது

கடிதம் வந்தால் அதில் காரணம், தேதி, கையொப்பம் எல்லாம் இருக்கும். அதை வைத்துக் கேள்வி கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம். வாய்மொழியாக "வர வேண்டாம்" என்றால் கையில் எதுவும் இராது. பிள்ளை வீட்டில் இருக்கும் நாள்கள் வருகைப் பதிவேட்டில் மட்டம் போட்டதாகவே பதிவாகலாம். அடுத்து மட்டத்துக்கான எச்சரிக்கைக் கடிதங்கள் வரும். தொடக்கத்தில் நடந்த சிறு தகராறு மறைந்து, தொடர்ந்து பள்ளிக்கு வராத மாணவர் என்ற பெயரே மிஞ்சும்.

மாற்றல் கடிதத்திலும் கவனம் தேவை. "நீக்கினால் பெயர் கெடும், நீங்களே வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்" என்ற யோசனை சில வேளைகளில் நல்லெண்ணத்தில் சொல்லப்படலாம். கையெழுத்துப் போட்டுவிட்டால் அது பெற்றோரின் சொந்த முடிவாகிவிடும். பிறகு எதை எதிர்த்து முறையீடு செய்வது? மலாய்க் கடிதம் முழுதாகப் புரியாவிட்டால், வீட்டுக்குக் கொண்டு வந்து தெரிந்தவரிடம் காட்டிய பிறகே கையெழுத்திட வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

1. பிள்ளையிடம் நடந்ததை முழுதாகக் கேட்டு, தேதி, நேரம், உடனிருந்தவர்கள் ஆகிய விவரங்களை அன்றே எழுதி வைக்கவும்.

2. வகுப்பறைக்குள் நுழைந்து ஆசிரியருடன் வாக்குவாதம் செய்ய வேண்டாம். அது பிள்ளைக்கே பாதகமாகும். தலைமையாசிரியரைச் சந்திக்க நேரம் கேட்கவும்.

3. என்ன குற்றச்சாட்டு, எந்த விதி, எத்தனை நாள் தண்டனை என்பதை எழுத்தில் கேட்கவும். முடிவுக்கு முன் பிள்ளை தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததா என்றும் கேட்கவும். இரு தரப்பையும் கேட்பதே நியாயமான விசாரணை.

4. தண்டனைக் காலத்தில் நடக்கும் பாடங்களையும் பயிற்சிகளையும் கேட்டு வாங்கவும்.

5. காயம் இருந்தால் உடனே கிளினிக்கிலோ அரசாங்க மருத்துவமனையிலோ காட்டி மருத்துவ அறிக்கை பெறவும். தேவைப்பட்டால் போலீஸ் புகார் செய்யவும்.

6. பள்ளியில் தீர்வு இல்லையென்றால் மாவட்டக் கல்வி இலாகா, பிறகு மாநிலக் கல்வி இலாகா என்று படிப்படியாகச் செல்லவும். பள்ளியிலிருந்து விலக்கும் கடிதம் வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே மேல்முறையீட்டுக் கடிதம் கொடுக்கவும். மனித உரிமை ஆணையமான சுஹாகாமிலும் புகார் செய்யலாம். பிள்ளை கொடுமைக்கு ஆளானால் 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைக்கலாம்.

தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் ஷிப்ட் வேலை செய்யும் பெற்றோருக்கு விடுப்பு எடுத்துப் பள்ளிக்குப் போவது எளிதல்ல. போக முடியாத நாளில், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர் ஒருவர் வழியாக ஒரு கடிதமாவது கொடுத்தனுப்பலாம். அதன் நகல் ஒன்று கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும்.