காய் சாப்பிடாத பிள்ளைக்கு அத்தோ



கொரிய நாடகம் பார்க்கும் பேரப்பிள்ளைகள் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். தட்டில் பொரியல் வைத்தால் முகம் சுளிக்கும் அதே பிள்ளைகள், "ஜாப்சே செய்து கொடுங்க தாத்தா" என்கிறார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவில் செய்த நூடுல்ஸில் கேரட், கீரை, காளான், வெங்காயம் எல்லாம் வதக்கிக் கலப்பதுதான் ஜாப்சே. அந்தப் பெயருக்கே பல காய்களின் கலவை என்றுதான் பொருள். 17ஆம் நூற்றாண்டில் கொரிய அரண்மனையில் அது பேர் பெற்றபோது அதில் நூடுல்ஸ் கிடையாது, வெறும் காய்தான். நூடுல்ஸ் சேர்ந்தது 20ஆம் நூற்றாண்டில்.

அதற்காகக் கொரியா வரை போக வேண்டியதில்லை. நம் வடசென்னையிலேயே அதற்கு ஓர் உறவுக்காரன் உண்டு: அத்தோ. பர்மிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கையால் பிசைந்து கலந்தது என்று பொருள்.

அது இங்கே வந்த கதை பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் வயல் வேலைக்கும் துறைமுக வேலைக்கும் வட்டிக்கடைக்கும் தமிழர்கள் பர்மாவுக்குப் போனார்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு போட்டதும் பெருங்கூட்டம் காடு மலை கடந்து நடந்தே திரும்பியது. வழியில் மாண்டவர்கள் ஏராளம். தங்கியவர்களுக்கு அடுத்த அடி 1962இல் விழுந்தது. நே வின் ராணுவ ஆட்சி கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியது. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. சேர்த்த பணம் ஒரே நாளில் காகிதமானது. லட்சக்கணக்கானோர் கிளம்பினார்கள். நம் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கியவர்களில் பலர் வியாசர்பாடியிலும் எண்ணூர் பர்மா நகரிலும் குடியேறினார்கள். 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தருகே பர்மா பஜார் வந்தது. பக்கத்திலேயே அத்தோ வண்டிகளும் நின்றன.

நகையையும் பணத்தையும் பிடுங்கலாம், கைப்பக்குவத்தைப் பிடுங்க முடியாது. எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் முதலானது.

ஆனால் பர்மாவில் சாப்பிட்டதை அப்படியே இங்கே விற்கவில்லை. அங்கே மீன் சாறும் காய்ந்த இறால் பொடியும் சேர்ப்பார்கள். இங்கே புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும் முன்னுக்கு வந்தன. புது ஊரின் நாக்கும் ஒரு பிடிவாதக் குழந்தைதான். அதற்குத் தெரிந்த புளிப்பையும் காரத்தையும் முதலில் கொடுத்து, தெரியாத நூடுல்ஸைப் பின்னால் பழக்கினார்கள்.

வீட்டிலும் அதே வழிதான். நூடுல்ஸை வேகவைத்து வடித்து, ஒட்டாமல் எண்ணெய் தடவி ஆறவிடுங்கள். முட்டைகோஸையும் வெங்காயத்தையும் நூல் போல நறுக்குங்கள். கேரட்டும் துருவலாம். பூண்டைப் பொன்னிறமாக வறுத்து, அந்த எண்ணெயோடு ஊற்றுங்கள். வறுத்த வெங்காயம், பொட்டுக்கடலை மாவு, கொஞ்சம் புளித்தண்ணீர், உப்பு, கொத்தமல்லி சேர்த்துக் கையால் பிசையுங்கள். பிள்ளைகளுக்கு மிளகாய்த்தூளைக் குறைத்து விடுங்கள். பேஜோவை நொறுக்கித் தூவும் வேலையை அவர்களிடமே கொடுங்கள். தான் நொறுக்கிப் போட்டதைப் பிள்ளை வேண்டாம் என்று சொல்வது அபூர்வம். முதல் நாள் கோஸ் ஒரு பிடி போதும், அடுத்த வாரம் இரண்டு பிடி.

தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். தனியாக வைத்தால் தொடாத வாழைத்தண்டு, இதோடு சேர்ந்தால் உள்ளே போய்விடும்.

பிசையும்போதே ரங்கூன் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டுங்கள். பர்மாவிலிருந்து வந்த பெரியவர்கள் இன்னும் சிலர் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கதை கேட்க வையுங்கள்.