செகண்ட் ஹேண்ட் டீசல் கார் வாங்கப் போகிறீர்களா? டைமிங் பெல்ட் பில்லைக் கேளுங்கள்

ஒரே ஓனர், 9 வயது, ஓடியது 60 ஆயிரம் கி.மீ., விலையும் குறைவு. இப்படி ஒரு டீசல் கார் விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். டயர், பேட்டரி, இன்சூரன்ஸ் எல்லாம் விசாரிப்போம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் காரில் உங்களுக்குப் பெரிய செலவு வைக்கக்கூடிய ரப்பர் துண்டு அதுதான்.

இன்ஜினுக்கு அடியில் கிராங்க்ஷாஃப்ட், மேலே கேம்ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வுகள் விலகி இருக்கும். இந்தக் கணக்கைக் காப்பாற்றுவது பல் வைத்த டைமிங் பெல்ட். அது அறுந்தால் கேம் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. திறந்த வால்வில் பிஸ்டன் இடிக்கும், வால்வு வளையும். பிறகு சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான்.

ஃபேன் பெல்ட் வேறு, இது வேறு. தளர்ந்த ஃபேன் பெல்ட் கீச்சென்று கத்தும். டைமிங் பெல்ட் பெரும்பாலும் எந்தச் சத்தமும் இல்லாமல்தான் போகும்.

எந்தக் கார்களில் இருக்கிறது?

ரெனோ டஸ்டரின் 1.5 டீசல், ஃபோர்டு ஈகோஸ்போர்ட், ஃபிகோவின் 1.5 டீசல், போலோ, வென்டோவின் 1.5 டீசல் ஆகியவற்றில் பெல்ட். இவற்றில் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். பழைய இன்னோவா 2.5 டீசலிலும் பெல்ட் உண்டு, ஆனால் வாட்டர் பம்ப் தனி. மாருதி ஸ்விஃப்டின் 1.3 டீசலில் செயின். செயின் என்றால் கவலையே இல்லை என்று அர்த்தமில்லை. ஆயில் மாற்றத் தாமதித்தால் அதுவும் தேய்ந்து நீளும்.

ரெனோவும் ஃபோக்ஸ்வாகனும் 2020-ல் பிஎஸ்6 வந்தபோது இந்தியாவில் டீசலை நிறுத்தின. 2021-ல் ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பதையே நிறுத்துவதாக அறிவித்தது. ஆக, இந்தக் கார்கள் எல்லாம் இப்போது செகண்ட் ஹேண்ட் சந்தையில்தான் கிடைக்கின்றன. டெல்லியில் 10 வருட டீசல் கார்கள் மீது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் கொண்டுவந்த தடையால், அங்கிருந்து வெளிமாநிலங்களுக்கு வந்த கார்களும் நிறைய.

கிலோமீட்டரை மட்டும் நம்பலாமா?

கூடாது. ஓடோமீட்டர் தூரத்தை எண்ணும், இன்ஜின் ஓடிய நேரத்தை எண்ணாது. ஒரு சின்னக் கணக்கு: நெடுஞ்சாலையில் சராசரி 60 கி.மீ. வேகத்தில் 60 ஆயிரம் கி.மீ. போனால் இன்ஜின் ஓடியது 1,000 மணி நேரம். டிராஃபிக்கில் சராசரி 15 கி.மீ. என்றால் அதே தூரத்துக்கு 4,000 மணி நேரம். சிக்னலில் நிற்கும்போதும் பெல்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. போதாததற்கு, வண்டி சும்மா நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். அதனால்தான் மேனுவலில் பெரும்பாலும் கி.மீ., வருடம் இரண்டுமே இருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. "60 ஆயிரம்தானே ஓடியிருக்கு" என்று விற்பவர் சொன்னால், அந்த 9 வருடத்தை ஞாபகப்படுத்துங்கள்.

"மாத்தியாச்சு சார்" என்ற வாய்வார்த்தை போதாது. தேதி, கி.மீ., பார்ட் நம்பரோடு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும் செலவைக் கேட்டு, விலையில் கழித்துப் பேசுங்கள்.

பம்பையும் ஏன் சேர்த்து மாற்ற வேண்டும்?

இந்த வேலையில் நேரம் தின்பது கழற்றி மாட்டுவதுதான். இன்ஜினை ஜாக்கியில் தாங்கி, பக்கத்து மவுண்ட்டை எடுத்து, கவர்களைக் கழற்றினால்தான் பெல்ட்டே கண்ணில் படும். பம்ப் அதே இடத்தில் இருக்கிறது. இன்று அதை விட்டுவிட்டு, அடுத்த வருடம் அது ஒழுகினால் அதே லேபரை மறுபடி கொடுக்க வேண்டும். லேபர் மட்டும் போவதில்லை. சீல் போய் கூலன்ட் கசிந்தால் புது பெல்ட்டும் கெடும். பேரிங் இறுகினால் பெல்ட்டின் பற்கள் உரிந்துவிடும். டென்ஷனர், ஐட்லர் புல்லிகளுக்கும் இதே நியாயம். கிட்டாக வாங்குவது நல்லது.

மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, கிராங்க், கேம் இரண்டையும் அந்த இன்ஜினுக்கான பின் போட்டுப் பூட்டுவாரா? பெயின்ட் மார்க்கை மட்டும் நம்பினால் ஒரு பல் தள்ளிப்போக வாய்ப்பு உண்டு. இரண்டு, ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பாரா? தவறு இருந்தால் கை அங்கேயே தடுக்கும், வால்வு பிழைக்கும். கூலன்ட் நிரப்பும்போது குழாய்த் தண்ணீர் கலக்க விடாதீர்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். சாதாரண மோட்டார் பாலிசியில் தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் வராது.

ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் திடீரென்று அணைந்து, செல்ஃப் அடித்தால் வழக்கத்தைவிட லேசாகவும் வேகமாகவும் சுற்றுகிறதா? மறுபடி அடிக்காதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் பார்க்காதீர்கள். டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.