தொகுப்புகளின் வகைமாற்றம்

ஒரு வகைப் பொருள்களைக் கொண்ட பட்டியலையோ அணியையோ, நிரல் ஓடும்போதே வேறு வகைப் பொருள்களின் தொகுப்பாக மாற்றுவது தொகுப்பு வகைமாற்றம் எனப்படும். பொருள்நோக்கு நிரலாக்க மொழிகள் இதற்கு விடை தேடியே பல முறை தங்களைத் திருத்திக்கொண்டன.

சிக்கல் இதுதான். திருச்சானூர் பத்மாவதி தாயார் கோயில் வரிசைக்கு ஒரு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அதில் ‘முதியோர்’ வகுப்பு ‘பக்தர்’ வகுப்பின் வாரிசு. முதியவர் ஒவ்வொருவரும் பக்தர்தான். ஆனால் முதியோர் பட்டியலை அப்படியே பக்தர் பட்டியலாகக் கொண்டால், அந்த வழியாக ஓர் இளைஞரையும் அதில் சேர்த்துவிடலாம்.

1996இல் வெளிவந்த ஜாவா, அணிகளை மட்டும் இப்படி மேல்வகை அணியாகக் கொள்ள அனுமதித்தது. உறுப்பு வகையைக் குறிப்பிட உதவும் ஜெனரிக்ஸ் வசதி மொழியில் அப்போது இல்லை; எந்த வகை அணியையும் ஒரே செயற்கூறால் வரிசைப்படுத்த வேறு வழி தென்படவில்லை. அதனால் அணியில் பொருளை எழுதும்போது வகையைச் சோதிக்க வேண்டியதாயிற்று. பொருந்தாவிட்டால் ‘அர்ரே ஸ்டோர் எக்செப்ஷன்’ எழும். 1998இல் ஜாவா 1.2 தந்த தொகுப்புகளோ எல்லாவற்றையும் வெறும் ‘ஆப்ஜெக்ட்’ ஆகவே வைத்திருந்தன. பட்டியலைக் குறிப்பிட்ட வகை அணியாக்க, ‘டு அர்ரே’ செயற்கூறுக்கு அந்த வகையில் ஓர் அணியைக் கொடுக்க வேண்டும். எந்த வகை தேவை என்பதைச் செயற்கூறு அந்த அணியைப் பார்த்தே அறியும்.

அதே ஆண்டு ஓடர்ஸ்கி, வாட்லர், பிராக்கா, ஸ்டவுடமயர் ஆகிய நால்வர் முன்வைத்த வடிவம் 2004இல் ஜாவா 5இன் ஜெனரிக்ஸாக வந்தது. பழைய நிரல்கள் முறியக் கூடாது என்பதற்காக, உறுப்பு வகையைக் கம்பைலர் சோதித்தபின் அழித்துவிடும் முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. நியாயமான முடிவுதான், ஆனால் சுமை நிரலர் தலையில் விழுந்தது. தவறான காஸ்ட் (வகைமாற்றக் கட்டளை) எச்சரிக்கையோடு கடந்துபோகும். பிழை பிறகு எங்கோ ஒரு வரியில், உறுப்பை எடுக்கும்போது வெடிக்கும். தவறு நுழையும் இடத்திலேயே பிடிக்க ‘செக்டு லிஸ்ட்’ என்ற உறையும் அதே பதிப்பில் சேர்க்கப்பட்டது.

மைக்ரோசாப்டின் வழி வேறு. டான் சைம், ஆண்ட்ரூ கென்னடி வடிவமைப்பில் 2005இல் வந்த சி ஷார்ப் 2.0, ஓடும்போதும் உறுப்பு வகையை நினைவில் வைத்திருந்தது. 2007இல் லிங்க் என்ற வினவல் வசதி கொணர்ந்த ‘காஸ்ட்’ செயற்கூறு, பொருந்தாத உறுப்பைக் கண்டதும் பிழை எழுப்பும். ‘ஆஃப் டைப்’ அதை விட்டுவிட்டு மேலே செல்லும். இரண்டுமே பட்டியலைச் சுற்றிவரத் தொடங்கும்போதுதான் வேலை செய்யும்.

ஒன்றுபட்ட ஆந்திரத்துக்கும் இதில் பங்குண்டு. ஜாவா இலக்கணத்தை டாட்நெட் தளத்தில் ஓட்டிய ஜே ஷார்ப் மொழி, ஹைதராபாத்திலுள்ள மைக்ரோசாப்ட் மையத்தில் உருவானது. அதன் 2005 பதிப்பில் பிறர் எழுதிய ஜெனரிக் வகைகளைப் பயன்படுத்தலாம், புதிதாக வரையறுக்க முடியாது. 2007இல் அதன் முடிவு அறிவிக்கப்பட்டது.

2010இல் சி ஷார்ப் 4.0, வாசிக்க மட்டும் பயன்படும் தொகுப்புகளை மேல்வகையாகக் கருத இசைந்தது. எழுதவும் செய்யும் ‘லிஸ்ட்’டுக்கு அந்தச் சலுகை இல்லை. அதை மாற்ற இன்றும் புதுப் பட்டியல் ஒன்றை உருவாக்கி, உறுப்புகளை ஒவ்வொன்றாக அதில் சேர்க்க வேண்டும். வகை ஓடும்போதுதான் தெரியவரும் என்றால், அந்தப் புதுப் பட்டியலையே ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போதே வகைகளை ஆராய்ந்து கையாளும் வசதி) மூலம் உருவாக்க வேண்டும்.