நம்மவர் தைக்கத் தொடங்கிய சரித்திரம்

தையல் என்னும் சொல் நம் மொழியில் ஊசி வேலையையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். இதனைக் கண்டு, தைப்பது ஆதிமுதல் நம் பெண்களின் வேலை என்று முடிவு கட்டுவோர் பலர். சரித்திரம் அம்முடிவுக்கு இடங்கொடுக்கவில்லை. சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்துமிடத்து, துணி தைப்போரைத் துன்னகாரர் என்று பெயரிட்டுப் பொற்கொல்லர் முதலியோருடன் சேர்த்துக் கூறுகிறது. ஆகவே ஊசி அக்காலத்திலேயே நகரத்துத் தொழிலாளரின் கருவி. வீட்டுப் பெண்ணுக்கோ அதனிடம் பெரிய அலுவல் இருந்ததில்லை. சேலையும் வேட்டியும் தறியிலிருந்து இறங்கியபடியே இடுப்பில் ஏறுபவை; கத்தரியும் நூலும் அவற்றிற்கு வேண்டா. தன் உடம்புக்குத் தானே அளவெடுத்து, தானே வெட்டி, தானே தைத்து உடுப்பது என்பது நம் உழைக்கும் பெண்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு உட்பட்ட பழக்கமேயாம். அப்பழக்கம் எவ்வழியாக வந்தது, யார் தடுத்தனர், யார் கற்பித்தனர் என்பதை இன்று சட்டை தைக்கப் பழகும் நம் சகோதர சகோதரிகள் அறிந்திருப்பது நலம்.

முதலில் நம் பினாங்கைப் பார்ப்போம். 1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றியபோதே, சோழமண்டலக் கரைத் துணி இக்கடல்களில் நெடுங்காலம் பழகிப்போன சரக்கு. நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து வந்த சூலியா வணிகர் ஜார்ஜ் டவுனில் நிலைகொண்டு, 1801-இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும் எழுப்பினர். மலாய்க்காரர் இன்றும் கட்டம் போட்ட கைலியைக் 'காயின் பெலேகாட்' என்கின்றனர். அந்தப் பெலேகாட் வேறொன்றுமன்று, நம் பழவேற்காடுதான். ஊர்ப்பெயர் துணிப்பெயராகிக் கடல் கடந்து வந்துவிட்டது.

கைலித் துணி நீளமாக வரும். அதன் இரு தலைப்புகளையும் சேர்த்து ஒரே ஒரு தையல் போட்டால் கைலியாகும். இதனை 'மூட்டுதல்' என்பர். நம்மவர் இந்நகரத்தில் போட்ட முதல் தையல் இந்த மூட்டுத் தையலாகவே இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம் என்றே கொள்க. இன்றும் லிட்டில் இந்தியாவின் அஞ்சடிகளில் யந்திரத்தை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் தையற்காரரிடம் கைலியை நீட்டினால், நாம் ஒரு தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் மூட்டிக் கொடுத்துவிடுகிறார்.

இனிச் சட்டையின் கதைக்கு வருவோம். அது இங்கே தொடங்கவில்லை. தென் திருவிதாங்கூரில், நாகர்கோவில் வட்டாரத்தில் தொடங்குகிறது. அந்நாட்டில் அந்நாளில் சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் முதலிய சாதிப் பெண்கள் மார்பை மறைத்தல் குற்றம். மேல்சாதியார் முன் மார்பைத் திறந்து நிற்பதே மரியாதை எனப்பட்டது. கேட்கவே நாணம் தரும் இவ்வழக்கம் அரச கட்டளையாலும் ஊர்க்கட்டுப்பாட்டாலும் காக்கப்பட்டு வந்தது. 1818-ஐ ஒட்டி நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் பாதிரிமார் சார்ல்ஸ் மீட், சார்ல்ஸ் மால்ட் என்போரின் மனைவியர் அங்கே பெண்களுக்குத் தையலும் பின்னலும் கற்பித்தனர். மால்ட்டின் மனைவி மார்த்தா 1820-ஐ ஒட்டித் தொடங்கிய லேஸ் பின்னல் வகுப்பே நாகர்கோவில் லேஸ் என்று பிற்காலத்தில் புகழ்பெற்றது. அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சம்பாதித்த பணத்தைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினர். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான் என்பதை நினைத்தால், அவ்வூசி முனையின் மதிப்பு விளங்கும்.

மீட்டின் மனைவியோ குட்டைக் கை வைத்த தொளதொளப்பான ஒரு சட்டையை வகுத்துக் கொடுத்தார். அதற்குக் குப்பாயம் என்று பெயர். சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் அணிந்ததைப் போன்ற உடை. அதனை அணியலாம் என்று 1810-களில் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ முன்னமே அனுமதி தந்திருந்தார். ஆனால் பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. அதன்மேல் தோள்சீலையும் இட்டனர். அதுவே கலகத்துக்குக் காரணமாயிற்று. 1822 முதல் சந்தையிலும் சாலையிலும் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. 1829-இல் பிறந்த அரச கட்டளை, சட்டை போடலாம், தோள்சீலை கூடாது என்றது. 1858-இல் கலகம் மீண்டும் மூண்டு வீடுகளும் கோயில்களும் எரிந்தன. பின்னர்ச் சென்னைக் கவர்னர் சர் சார்ல்ஸ் டிரெவெலியனின் வற்புறுத்தலால், 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா ஒரு பிரகடனம் செய்தார். கிறிஸ்தவராகாத நாடார் பெண்களும் இனிச் சட்டை அணியலாம். முரட்டுத் துணியை மீனவப் பெண்களைப் போல் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் மட்டும் உடுத்தக் கூடாது! உரிமையைக் கொடுத்த கையே அதில் ஒரு முடிச்சையும் போட்டுவிட்டது. பலர் 1859-ஐ வெற்றி ஆண்டு என்று கொண்டாடுகின்றனர். எனக்கு அது பாதி வெற்றியாகவே தோன்றுகிறது.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அக்குப்பாயத்தைத் தையற்காரனிடம் கொடுத்துத் தைத்திருந்தால் அது ஊருக்கு நாலுபேர் அணியும் அலங்காரமாய் நின்றிருக்கும். பள்ளியில் ஊசி பிடிக்கக் கற்ற பெண் தானும் தைத்து, தன் தாய்க்கும் தங்கைக்கும் தைத்துக் கொடுக்க வல்லவளானாள். கிழிக்கக் கிழிக்க மீண்டும் தைக்கும் கைகள் வீடுதோறும் இருந்த இயக்கத்தை அடக்குவது எளிதன்று.

ஏறக்குறைய இதே ஆண்டுகளில் உலகத்தின் மறுபக்கத்தில் தையல் யந்திரம் பிறந்துகொண்டிருந்தது. பிரான்சில் திமோனியே என்னும் ஏழைத் தையற்காரர் 1830-இல் யந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்று, 80 யந்திரங்களை வைத்துப் படைவீரருக்கு உடை தைத்தார். தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர் கூட்டம் அவற்றை உடைத்தெறிந்தது. அவர் 1857-இல் வறுமையிலேயே மாண்டார். அமெரிக்காவில் எலையாஸ் ஹோ 1846-இலும், ஐசக் சிங்கர் 1851-இலும் காப்புரிமை பெற்றனர். இருவரும் நீதிமன்றத்தில் நெடுநாள் பொருதி, முடிவில் 1856-இல் மற்ற உற்பத்தியாளரையும் கூட்டிக்கொண்டு சமாதானமாகிக் காப்புரிமைகளைப் பொதுவில் வைத்துக்கொண்டனர். கையால் 14 மணி நேரத்துக்குமேல் பிடித்த ஆண்சட்டை யந்திரத்தில் ஒன்றேகால் மணியளவில் முடிந்ததென்று அக்காலத்துக் கணக்கு ஒன்று சொல்கிறது.

யந்திரத்தின் சூக்குமம் ஊசியின் காதில் இருக்கிறது. கைத்தையல் ஊசிக்குக் காது பின்பக்கம். யந்திர ஊசிக்கோ கூர்முனைக்கு அருகில். ஊசி மேல்நூலைத் துணிக்குள் இறக்கி, சற்றே மேலெழும்போது கீழே ஒரு சிறு கண்ணி உண்டாகிறது. கீழ்நூல் அக்கண்ணிக்குள் புகுந்து போகிறது. இரு நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. பழகுவோர் பலர், அடிப்பக்கம் நூல் சிக்கிக் கூடு கட்டிவிட்டால் கீழ்நூலையே குற்றம் சொல்வர். பெரும்பாலும் குற்றம் மேல்நூலைக் கோத்த முறையில் இருக்கும். அமுக்குக் கட்டையைத் தூக்கிவிட்டு மேல்நூலை மறுபடியும் கோத்துப் பார்ப்பதே முதல் வைத்தியம்.

சிங்கர் கம்பெனியின் வெற்றிக்கு யந்திரம் மட்டும் காரணமன்று. சிங்கரின் பங்காளியான எட்வர்ட் கிளார்க் 1856-இல் தவணை முறையைப் புகுத்தினார். முன்பணம் கொடுத்து யந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், தைத்துச் சம்பாதித்தே கடனை அடைக்கலாம் என்பது ஏற்பாடு. கொழும்பில் 1877-இல் சிங்கர் கிளை தோன்றியது. இந்தியாவில் நசர்வான்ஜி பட்டேல் என்னும் பார்சிக்காரர் அதனை ஊர் ஊராகப் பரப்பினார். ஆலை யந்திரங்களின்பால் ஐயம் மிகுந்த காந்தியடிகளும் 1924-இல் தையல் யந்திரத்துக்கு மட்டும் விலக்களித்தார். மனைவி கையால் தைத்து அலுப்பதைப் பொறாமல் சிங்கர் அதனை ஆக்கினார் என்று அவர் கருதினார். சிங்கரின் வாழ்க்கையைப் படித்தோர் அக்கதையை நம்புவது கடினம். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை ஒரே காலத்தில் நடத்திய மனிதர் அவர். கதை பொய்யாயினும் முடிவு சரியே.

பினாங்கில் லைட் தெருக் கான்வென்ட் 1852-இல் தோன்றியது முதல், அநாதைப் பெண்களுக்கும் மாணவியருக்கும் ஊசி வேலை கற்பிக்கப்பட்டு வந்தது. நகரத்து ஞோஞா மாதர் மிதியந்திரத்தைக் கொண்டே கெபாயாவின் ஓரங்களில் பூவேலை செய்தனர். அந்தக் கெபாயா 2024-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறிற்று. மகிழ்ச்சியே. ஆயின் நம் தோட்டத்துப் பெண்ணின் சட்டையைப் பற்றி ஒரு வரியும் எங்கும் எழுதப்பட்டதாகக் காணேன்.

அச்சட்டைக்கும் ஒரு கணக்கு உண்டு. 1928-ஐ ஒட்டி மலாயாவின் முக்கிய வட்டாரங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மந்த காலத்தில் அதுவும் குறைந்தது. இந்தக் கூலியில் அரிசிக்கும் பருப்புக்கும் போக மிஞ்சுவதில் தையற்கூலி எங்கிருந்து வரும்? பெரட்டுக்கு விடியுமுன் நிற்கவேண்டிய பெண், கொசுவுக்கும் முள்ளுக்கும் பாலின் கறைக்கும் தன் உடம்பை மறைக்கப் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையை ரவிக்கையின்மேல் மாட்டிக்கொண்டாள். கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டாள். ஒட்டுப் போடுதல்தான் தோட்டத்தில் தையலின் அரிச்சுவடி. கிராணியாக வேலை பார்க்கும் நான் பழைய லயங்களில் வயது முதிர்ந்த தாய்மார் சிலரிடம் கறுப்பு மிதியந்திரத்தைக் கண்டிருக்கிறேன். மேலே பூப்போட்ட துணி விரித்து, சாமி படத்துக்கு அடுத்தபடி அதனைப் போற்றி வைத்திருப்பர்.

யுத்தம் வந்தது. 1941 டிசம்பர் முதல் 1945 செப்டம்பர் வரை பினாங்கு ஜப்பானியர் கையில் இருந்தது. கப்பல் நின்றது, துணி நின்றது. தோட்டங்களில் கோணிச் சாக்கை வெட்டி உடுத்தினர். சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம்மவரின் நிலை இன்னும் கொடிது. அதே காலத்தில், 1943 அக்டோபரில், சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது. கேப்டன் லட்சுமியின் தலைமையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் காக்கிச் சட்டையும் காற்சட்டையும் அணிந்து அணிவகுத்தனர். சாக்குக்கும் காக்கிக்கும் இடையே நின்ற அந்த மூன்றரை ஆண்டுகளில் உடையைப் பற்றிய நம் பெண்களின் எண்ணம் மாறியதைப்போல் அதற்கு முந்திய முப்பது ஆண்டுகளிலும் மாறியதில்லை என்பேன்.

1952-இல் டெம்ப்ளர் சீமாட்டி மலாயாவில் மாதர் கழகங்களைத் தொடங்கி வைத்தார். அவற்றிலும் தையல் ஒரு பாடம். கல்கத்தாவில் 1930-களில் பிறந்த உஷா யந்திரமும் நம்மவருக்குப் பழகிய பெயராயிற்று. பிறகு ஆயத்த ஆடை வந்தது. சந்தையில் பத்துப் பதினைந்து வெள்ளிக்குச் சட்டை கிடைக்கையில் தைப்பானேன் என்று கேட்பவர் உளர். கணக்குப் பார்த்தால் அவர் சொல்வது மெய்தான். துணிவிலையே அதற்குமேல் ஆகும். ஆனால் அச்சட்டை யாருடைய அளவுக்கும் தைக்கப்பட்டதன்று. தோள் அகன்றவளும் கை நீண்டவளும் சட்டைக்குத் தக்கபடி தம்மைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தொடங்க விரும்புவோர் பலர் எடுத்த எடுப்பில் ரவிக்கையை வெட்டி, துணியையும் மனத்தையும் கெடுத்துக்கொள்கின்றனர். ரவிக்கை தையலின் கடைசிப் பாடங்களுள் ஒன்று. கைக்குழியின் வளைவு, மார்புப் பிடிப்பு, கழுத்தின் திருப்பம் ஆகிய மூன்றும் ஒருங்கே சரியாக வரவேண்டும். சரித்திரம் சென்ற வழியே கற்பவரும் செல்லலாம். முதலில் நூலின்றியே யந்திரத்தை மிதித்து, சக்கரம் பின்னோக்கிச் சுழலாதபடி காலைப் பழக்குக. பிறகு கோடு போட்ட காகிதத்தின்மேல் ஊசியை ஓட்டிக் கோணலைத் திருத்துக. அடுத்தது கைலி மூட்டுதல்: நேரான ஒரே தையல், கட்டம் கட்டத்தோடு சேரவேண்டும் என்பதொன்றே கஷ்டம். அதன்பின் தலையணை உறை. பின்னர் நாடா கோத்த பாவாடை. இவை கைவந்தபின் குப்பாயத்தைப் போல் தொளதொளப்பான, நேர்வெட்டுச் சட்டை ஒன்றைப் பழஞ்சேலையில் வெட்டுக. புதுப் பருத்தித் துணியாயின் வெட்டுமுன் நனைத்து உலர்த்துக. இல்லையேல் முதல் சலவையில் சுருங்கும். உடம்பின் அளவுக்குமேல் சுற்றளவில் மூன்று நான்கு அங்குலம் தாராளம் விடுக. தையலோரத்துக்கு அரை அங்குலம் வேறு. பொருத்தமான பழைய சட்டை ஒன்றின் தையலைப் பிரித்து, அந்தத் துண்டுகளையே காகிதத்தில் வரைந்து கொண்டால் கணக்கில் பாதி தானே முடிந்துவிடும். காஜாவை மட்டும் தொடக்கத்தில் தையற்காரரிடமே விட்டுவிடலாம். அஞ்சடியில் இருப்பவர் அதற்குச் சில காசுகளே கேட்பார். நீங்கள் தைத்துக் கொண்டுபோன சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கைக்குழியில் எங்கே தவறினீர்கள் என்பதையும் கேளாமலே சொல்லிவிடுவார்.