ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்: உரிமமும் நிறுவல் விதிகளும்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்கள் தொகுத்துவரும் உலக வரைபடத் தரவுத்தளம். 2004இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் இதைத் தொடங்கினார். வணிகச் செயலிகள் உட்பட எவரும் இதன் தரவைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், ஆனால் நிபந்தனைகள் உண்டு.

உரிமம்: முதலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான தரவு, 2012 செப்டம்பரில் திறந்த தரவுத்தள உரிமத்துக்கு மாறியது. அதன்படி, தரவின் மூலத்தைப் பயனர் காணுமாறு குறிப்பிட வேண்டும். தரவைத் திருத்தியோ விரித்தோ உருவாக்கிய தரவுத்தளத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டால், அதையும் இதே உரிமத்தில் வழங்க வேண்டும். தரவிலிருந்து வரைந்த படத்துக்கு இக்கட்டாயம் இல்லை. மூலக் குறிப்பு போதும். செயலியின் நிரல் இவ்வுரிமத்துக்குள் வராது.

பொதுச் சேவையகங்கள்: தரவு இலவசம் என்பதால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சேவையகமும் வரம்பற்றது என்று பொருளல்ல. வரைபடச் சதுரங்களை, அதாவது படத்தின் சிறு துண்டுகளை, கேட்கும் செயலி தன்னை அடையாளம் காட்ட வேண்டும். பெற்றவற்றைத் தற்காலிகமாகச் சேமித்துக்கொள்ள வேண்டும். மொத்தமாகப் பதிவிறக்கக் கூடாது. முகவரி தேடும் நாமினாட்டிம் சேவையில் நொடிக்கு 1 கோரிக்கையே உச்சவரம்பு. மீறும் செயலிகள் தடுக்கப்படலாம்.

சொந்த நிறுவல்: பயனர் எண்ணிக்கை மிகுந்த செயலிகள் கட்டணச் சேவையை நாடுகின்றன, அல்லது சொந்தச் சேவையகம் அமைக்கின்றன. பின்னதில், தேவையான நிலப்பகுதியின் தரவு போஸ்ட்ஜிஐஎஸ் நீட்சி கொண்ட போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்றப்படும். மேப்னிக் போன்ற மென்பொருள் அதிலிருந்து படம் வரையும். நினைவகமும் வேகமான வட்டும் பகுதியின் பரப்புக்கேற்பத் தேவைப்படும். தரவு நாள்தோறும் மாறுவதால் தொடர் புதுப்பிப்பும் அவசியம்.